கயித்துல கட்டுன மீனு

பெங்களூரு லிங்கராஜபுரத்துல வண்டி ரேடியேட்டர் அடைப்பு எடுக்குற யூஜினுக்கு ரெண்டு குரல். கடையில நின்னா, "வண்டிய விட்டுட்டுப் போ குரு, சாயங்காலம் பாக்கலாம்"னு மூக்கால ஒரு முனகல். தூண்டில்காரங்க சங்கத்துல எழுந்து நின்னாலோ சர்ச்சு பிரசங்கமேதான். "அன்பான சகோதரர்களே"ன்னு ஆரம்பிக்க மாட்டார், அவ்ளோதான் வித்தியாசம்.

சனிக்கெழம ஆனா வீட்டுக்காரம்மா மௌரீன் ராகிக் களில சோம்பு போட்டு உருட்டிக் குடுக்கணும். மீனுக்கு எரை. "புருசனுக்குப் பழைய சோறு, மீனுக்கு மசாலாக் களி"ன்னு அந்தம்மா இழுத்து இழுத்துச் சொல்றது தெருவுக்கே கேக்கும். மறுநாள் விடிஞ்சதும் பஸ் புடிச்சு கனகபுரா, அங்கேந்து காவேரி. அங்க மசீர்னு ஒரு ஆத்து மீனு, பத்து வயசுப் பையன் ஒசரத்துக்கு வளரும். அதப் புடிக்கிறது, போட்டோ எடுக்கறது, திருப்பி விட்டுர்றது. ஒரு துண்டு திங்கறதில்ல.

அந்தப் பக்கம் முன்னெல்லாம் தண்ணிக்குள்ள தோட்டா வெடிச்சுத்தான் மீன் அள்ளுவாங்க. அவங்களையே பேசிப் பேசி, தூண்டில்காரங்களுக்கு எடம் காட்டுற கைடாக்குனது யூஜின்தான். மொதல்ல வந்தவர் முனியப்பன். வலது கையில ரெண்டே வெரல், மீதி தோட்டாவோட போயிருச்சு. சங்கமும் கைடுங்களும் ஒண்ணாச் சேந்து ஒரு சட்டம் போட்டாங்க. யாரு கையில மீனு சாவுதோ அவன் வெளிய. ஆயுசுக்கும். பிரசங்கக் குரல்ல அதப் படிச்சவரு யூஜின்.

அதுல மொதல்ல மாட்டுனவன் முனியப்பனோட மச்சான் விக்கி, அவனும் கைடுதான். பொண்ணுக்குப் பொறந்தநாளுன்னு ஒரே ஒரு வாட்டி வலை போட்டான். எவ்வளவோ கெஞ்சுனான். சட்டம் சட்டந்தான்னுட்டார் யூஜின். முனியப்பனும் வாயத் தெறக்கல. அதோட விக்கியக் கட்டுன அவரு தங்கச்சி அவருகூடப் பேசறத நிறுத்திருச்சு.

தொண்ணூத்தெட்டு கோடையில வந்தது வேற வெனை. அங்க மீனே இல்லையாமே, அப்பறம் எதுக்குக் காவலுன்னு மேலேந்து கேள்வி. அந்த ஆத்த சங்கம் காக்கறதுக்கு சர்க்கார் குடுத்த அனுமதி போச்சுன்னா மறுநாளே தோட்டாக்காரன் எறங்கிருவான். ஒரு ஆபீசர் ஞாயித்துக்கெழம காலையில நேர்ல வந்து பாக்கறதா ஏற்பாடு.

அன்னிக்குன்னு பாத்து யூஜின் தூண்டிலு வில்லா வளஞ்சுது. இழுத்து இழுத்துக் கரைக்குக் கொண்டாந்தா, அந்த ஆத்துல அதுவரைக்கும் யாரும் பாக்காத மீனு. போட்டோ எடுக்கற வரைக்கும் வாயில மெத்துனு ஒரு கயிறு கோத்து ஓரத்தண்ணியில கட்டி வெக்கறது அப்போ எல்லாரும் பண்றதுதான். முனியப்பன் கட்டுனார். ஆபீசர் கண்ணால பாக்கட்டும், அப்பறம் விட்டுரலாம்னு முடிவாச்சு.

ஜீப்பு வரல. வெயிலு ஏறுச்சு. ஓரத்தண்ணி கொதிக்கக் கொதிக்க மீனோட செவுளு மெதுவா ஆடுச்சு. விட்டுரலாமான்னு ஒருத்தர் கேட்டா, இன்னும் கொஞ்ச நேரம்னு இன்னொருத்தர். பாதி நேரம் அந்த இன்னொருத்தர் யூஜின்தான். ஜீப்பு சத்தம் கேட்டப்போ மீனு வயித்த மேல காட்டி மெதந்துட்டிருந்துச்சு.

ஆபீசர் குனிஞ்சு வாலத் தடவி, கன்னடத்துல "இஷ்டு தொட்டதா?"ன்னார். இவ்ளோ பெருசு இருக்கும்னு அவரு நெனைக்கல. அனுமதி நீட்டிக்கலாம்னு அங்கயே சொல்லிட்டார். கொழம்பு வெச்சா நல்லாருக்குமான்னு டிரைவர் காதோட காதாக் கேட்டான்.

ஜீப்பு போனதும் கைடுங்க எல்லாம் கரையில வந்து நின்னாங்க. சங்கத்துத் தலைவர் ஸ்ரீகண்டன், ரிட்டயரான சர்க்கார் ஆளு, ஃபைல் பொரட்டுற குரல்ல, வயசான மீனு தானா போயிருச்சுன்னு குறிச்சுக்கலாமேன்னார்.

முனியப்பன் தண்ணியிலயே ஒக்காந்துட்டார். "கட்டுனது நானு சார். என்ன அனுப்புங்க."

"தூண்டிலு என்னுது," ன்னார் யூஜின். அது கடைக் குரலும் இல்ல, பிரசங்கக் குரலும் இல்ல. "விக்கிக்கு இப்பிடி ஏதாச்சும் குறிச்சமா?"

தூண்டில முனியப்பனோட மடியில வெச்சுட்டு மேட்டுல ஏறிப் போயிட்டார்.

கைடுங்க ஒருத்தர்கூட வெலகல. தோட்டாச் சத்தமும் கேக்கல. ஆனா சட்டம் போட்ட மனுசனுக்கு ஞாயித்துக்கெழம வீட்டுல கால் தங்கல. கனகபுரா பஸ் ஏறி, கடைசி ஸ்டாப்புல எறங்கி, ஆத்துக்குப் போற பாதையப் பாத்துட்டே டீக்கடை பெஞ்சுல ஒக்காந்துருவார். அந்தக் கடை விக்கியோடது. ஆரம்பத்துல அவன் டீய டொக்குனு வெச்சுட்டுப் போயிருவான்.

அப்பறம் ஒரு நாளு கிளாஸக் கழுவிட்டே கேட்டான்.

"ஆயுசுக்கும்னா ஆயுசுக்குமா சார்?"

"ஆமா விக்கி."

"அப்ப டீயில சக்கரையக் கொறச்சுக்குங்க," ன்னான். "இங்க ரொம்ப வருசம் ஒக்காரணும்."