கல் பற்றவைக்காத நாளில் தின்ற புரோட்டா

வேங்கிக்கால் ஜானி பாஷா கடைப் புரோட்டாவைத் தின்று ஒரு பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று காலையில் ஒரு பேச்சு கிளம்பியது. கலெக்டர் ஆபீஸை எட்டுவதற்குள் ஒருத்தி மூவரானாள். பஸ் ஸ்டாண்டில் ஏழு பேர், அதில் இருவருக்கு மூச்சே இல்லை. விசாரித்தால், கிடந்தது ஒரே பெண். மூச்சு நின்றது கடை வியாபாரத்துக்கு.

பாஷாவுக்குக் கோபத்தைவிடக் குழப்பம் ஜாஸ்தி. கிரிவலக் கூட்டம் சால்னா வாசனைக்கு முகம் சுளிக்கக் கூடாதென்று, பௌர்ணமியன்று அவர் கல்லைப் பற்றவைப்பதில்லை, டீ மட்டும்தான். நேற்று பௌர்ணமி. போடாத புரோட்டாவைத் தின்றது யார்? சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார்.

வார்டு வாசலில் பக்கத்துத் தெரு சந்திரம்மாள். உள்ளே அவள் மகள் சிந்துஜா. டாக்டர் அருணாதேவி இ.சி.ஜி. தாளோடு நாலாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"துடிப்பு தாறுமாறா போகுதும்மா. சாப்பாட்டால இப்படி ஆவாது. வேற என்ன சாப்ட்டா?"

"புரோட்டாதாங்க. நேத்து சாயங்காலம், பாய் கடையில."

"அக்கா, நேத்து நான் கல்லே பத்த வைக்கலியே!"

சந்திரம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். மானம் போகிற சங்கதி எதுவானாலும் நம் ஊரில் பழியைப் புரோட்டா மேல் போடலாம். அது மறுத்துப் பேசாது. இந்தப் புரோட்டா தாடியோடு வந்து நின்று பேசியது.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "போலீசு, சொந்தம், ஊரு எல்லாம் அப்புறம். எதுன்னு தெரிஞ்சாத்தான் உங்க பொண்ணைக் காப்பாத்த முடியும். திட்டமாட்டேன், சொல்லுங்க."

"காலேஜை நிறுத்திட்டு மாப்பிள்ளை பார்த்தோங்க…" முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கசங்கிய இலை. "அவ பக்கத்துல கெடந்துச்சு."

விஷத் தழை என்று பார்த்ததும் தெரிந்து, டாக்டர் வார்டுக்குள் ஓடினார்.

மறுநாள் சிந்துஜா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாள். "நல்லாத்தானே இருக்கா!" என்று சொந்தக்காரர்கள் ஆட்டோவே கொண்டுவந்துவிட்டார்கள். "இது பதுங்கிக் கெடந்து பாயற விஷம்" என்று டாக்டர் ஆட்டோவைத் திருப்பியனுப்பினார். இதயத்தை இரவும் பகலும் மானிட்டரில் பார்த்தார்கள். ரத்தத்தில் உப்புகள் குறைகிறதா என்று ஓயாமல் சோதித்தார்கள். மூன்றாம் நாள் துடிப்பு தடுமாறியது. தயாராக இருந்ததால் பிழைத்தாள். அப்புறம் மனநல ஆலோசகரிடம் இரண்டு மணி நேரம் பேசினாள். வீட்டில் அவளுக்கு அதுவரை இரண்டு நிமிஷம் கிடைத்ததில்லை.

வீட்டுக்குப் போகிற அன்று சந்திரம்மாள் கைகூப்பினாள். "தெருவுல சொல்லிடறேன் பாய், உங்க புரோட்டா இல்லன்னு."

"சொல்லுங்கக்கா. அப்போ எதுன்னு கேப்பாங்களே?"

சந்திரம்மாள் முந்தானையை மறுபடி முடிந்துகொண்டாள்.

"பொண்ணு மொதல்ல காலேஜுக்குப் போவட்டும்" என்றார் பாஷா. "எனக்கு அவசரமில்ல."

சிந்துஜா மறுபடி காலேஜுக்குப் போக ஆரம்பித்து இரண்டு மாதமாகிறது. தெருவில் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை மட்டும் பாக்கி நிற்கிறது. கடையில் தினமும் மாவு மிஞ்சுகிறது. பாஷா கேட்கவில்லை.