நான்கு பதக்கங்களுடன் வெக்ஸ்போர்ட்டுக்கு

1997 நவம்பர், ஒரு புதன்கிழமை. காலை 8.40.

ரெக்ஸ்டேலில் அக்கா மகன் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். டொராண்டோ வந்து அன்றோடு ஆறு நாள். அவனும் மனைவியும் சனி ஞாயிறுகூட ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார்கள். இருட்டிய பிறகுதான் வருவார்கள். அந்த ஐந்து பகல்களில் என்னிடம் பேசியது, தவறான எண்ணுக்குப் போன் செய்த ஒரு பெண்மணி மட்டும்தான்.

கோட்டின் உள்பையில், துணியில் சுற்றிய நான்கு பதக்கங்கள் இருந்தன. 1971இல் சென்னை மூர் மார்க்கெட்டில் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கியவை. கெய்சர் என்ற பேரரசர்கள் காலத்து ஜெர்மானியப் பதக்கங்கள். ஒரே தகட்டில் வரிசையாக, நாடாக்களோடு சேர்த்துத் தைத்தவை. முதலில் 1914ஆம் ஆண்டின் இரும்புச் சிலுவை, அடுத்து ஜெர்மனிக்குள் பெரிய அரசான பிரஷ்யாவின் செஞ்சிலுவைப் பதக்கம், மூன்றாவது 1897இல் பழைய கெய்சர் ஒருவரின் நூற்றாண்டுக்குக் கொடுத்த பதக்கம், கடைசியில் ரொய்ஸ் என்ற குட்டி அரசின் கௌரவச் சிலுவை. அவை எப்படிச் சென்னைக்கு வந்தன என்று விற்றவருக்கே தெரியவில்லை. நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன். ஜெர்மன் கற்றுக்கொண்டதே இவற்றுக்காகத்தான். எந்தப் பதக்கம் என்பதைப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். யாருடைய மார்பில் இருந்தன என்பது மட்டும் இருபத்தாறு வருடமாகத் தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சேகரிப்பாளர்களுக்கான ஓர் இதழில் நாலு வரி விளம்பரம் கொடுத்தேன். ஒரே ஒரு பதில் வந்தது. டொராண்டோவிலிருந்து, தமிழில். எழுதியவர் சிவபாலன், யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக ஜெர்மனியின் ஹம்பர்க்கில் இருந்த ஆறு வருடமும் ஒரு பழம்பொருள் கடையில் துப்புரவு வேலை. பதக்கங்களைப் பார்க்கக் கற்றது அங்கேதான். "ஆளைக் கண்டுபிடிக்கலாம் அண்ணை" என்று எழுதியிருந்தார். அதிலிருந்து மாதம் இரண்டு கடிதமாவது வரும். கடைசியாக வந்ததில், "பொருந்துகிற பெயர்களில் இன்னும் மூன்று பேர்தான் மிச்சம்" என்றிருந்தது.

காலை 9.05. கிப்ளிங் சாலைப் பேருந்து. கட்டணம் இரண்டு டாலர். கேட்டால் மாறிச் செல்ல ஒரு துண்டுச்சீட்டும் தருகிறார்கள், அதே காசில் நகரத்தின் மறுகோடி வரை போகலாம். கிப்ளிங் நிலையத்தில் சுரங்க ரயில் ஏறினேன். வார்டன் வரை முக்கால் மணி நேரம். வண்டி நிறைய ஆட்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எதிரே இருந்தவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார்.

வார்டனில் மறுபடி பேருந்து. பனித்தூறல் கண்ணாடியில் படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த ஈழத்து அம்மா ஒருவர் நான் தவிப்பதைக் கவனித்திருக்கிறார்.

"அண்ணை எங்க இறங்கோணும்?"

"லாரன்ஸ்."

"அடுத்த ஸ்டொப்தான். கயிறை இழுங்கோ, இல்லாட்டி நிப்பாட்டமாட்டான்."

இழுத்தேன். மணி அடித்தது. அந்த இரண்டு வாக்கியத்துக்கு அவருக்கு நான் சொன்ன நன்றி கொஞ்சம் அதிகம்தான்.

காலை 11.15. வெக்ஸ்போர்ட்டில் பதினான்கு மாடிக் கட்டடம், ஒன்பதாவது மாடி. கதவைத் திறந்த சிவபாலனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, புதிதாகச் சவரம் செய்த முகம். "வாங்கோ, வாங்கோ அண்ணை. குளிருக்க வந்திட்டியள்" என்று என் கோட்டைத் தானே வாங்கி மாட்டினார். பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அவருக்குத் தொழிற்சாலையில் வேலை. ஒரே அறை, ஒரு கட்டில், ஒரு மேசை, சுவர் முழுக்கப் புத்தகம். மேசைக்கு இரண்டு நாற்காலி. அதில் ஒன்றில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.

பதக்கங்களை மேசையில் வைத்தேன். அவர் உடனே தொடவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டி இரும்புச் சிலுவைக்கு மேலே பிடித்தார். காந்தம் சாய்ந்து ஒட்டியது.

"நடுவில இரும்பு, சுத்திவர வெள்ளி. சரியான சாமான். நாடாவைப் பாருங்கோ: வெள்ளை, கரையில கறுப்பு. சண்டை பிடிச்ச ஆளெண்டா கறுப்பில வெள்ளைக் கரை இருக்கும். இவர் சண்டையில துவக்குத் தூக்கேல்லை."

திரையை இழுத்து மூடி, புற ஊதா விளக்கு ஒன்றைப் பொருத்தித் தையலில் காட்டினார். புதிய நைலான் நூல் அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னுமாம். இது இருண்டே கிடந்தது.

"பழைய பருத்தி நூல். பிறகு ஒருத்தரும் கை வைக்கேல்லை. நாலும் ஒரே ஆளின்ரதான்."

இருபத்தாறு வருடத்தில் என் பதக்கங்களை என்னைப் போலவே பார்த்த முதல் மனிதர். "தேத்தண்ணி போடுறன்" என்று அவர் சமையலறைக்குப் போனார்.

நூலகத்தில் முப்பது வருடம் இருந்தவன் கை சும்மா இருக்காது. அலமாரியில் பழைய பிரஷ்ய இராணுவப் பட்டியல் ஒன்று தடிமனாக நின்றது; ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அவர் பெற்ற விருதுகளைக் குறிகளாக அச்சிட்டிருப்பார்கள். உருவினேன். அடையாளத்துக்கு வைத்திருந்த புகைப்படத்தில் அது தானாகப் பிரிந்தது. நான் முதல் கடிதத்தோடு அனுப்பிய, பதக்கங்களின் புகைப்படம். இராணுவ மருந்தாளர்கள் பக்கம். ஒரு பெயருக்குக் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் தேதி: இரண்டு வருடத்துக்கு முந்தையது.

அவர் கோப்பைகளோடு வந்து நின்றார்.

"இது எப்போ கண்டுபிடிச்சீங்க?"

கோப்பைகளை மெதுவாக வைத்தார். "உங்கட முதல் கடிதம் வந்து ஒன்பதாம் நாள்."

"இன்னும் மூணு பேர் மிச்சம்னு போன மாசம் எழுதினீங்களே!"

"ஓம்." தரையைப் பார்த்தார். "பேரைச் சொன்னா நன்றி எண்டு ஒரு கடிதம் போடுவியள். அதுக்குப் பிறகு என்னத்துக்கு எழுதப் போறியள்? இஞ்ச எனக்கு வாற மற்றக் கடிதமெல்லாம் பில்லுதான் அண்ணை."

எனக்குக் கோபம் வந்தது. பதக்கங்களைச் சுற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவர் தடுக்கவில்லை.

பகல் 12.30. வார்டன் சாலை நிறுத்தத்தில் காற்று முகத்தை அறைந்தது. இரண்டு வருடம், ஐம்பது கடிதம். ஒவ்வொன்றுக்கும் அவர் புதிது புதிதாக ஒரு காரணம் யோசித்திருக்க வேண்டும்: நாடாவின் அகலம், சிலுவை வளையத்து முத்திரை, ரொய்ஸ் ஏன் நான்காம் இடத்தில் இருக்கிறது. அவர் அப்படி எழுதியதால்தான், சொந்த அரசின் பதக்கம்தான் முன்னால் வரும், ஆகவே இவர் ரொய்ஸ்காரர் அல்ல, பிரஷ்யர் என்று எனக்குத் தெரிந்தது. பொய்க்காக எழுதிய கடிதங்களில் பதக்கம் பற்றி ஒரு வரிகூடப் பொய்யில்லை. அவற்றுக்காகத் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தவன் நான்.

பேருந்து வந்தது, கதவு திறந்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்தார். ரெக்ஸ்டேலில் யாருமில்லாத வீடு இருந்தது. இந்த நகரத்தில் அந்த ஒன்பதாம் மாடியைத் தவிர எனக்குப் போக வேறு வாசல் இல்லை. ஏறவில்லை என்று தலையை ஆட்டினேன். பேருந்து போய்விட்டது.

பகல் 12.50. கதவு சாத்தாமல் இருந்தது. அவர் அதே நாற்காலியில், அதே ஆறிய தேநீருக்கு முன் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றேன்.

இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் இருந்தன. நான் வருகிறேனென்று விடியற்காலையிலேயே அவித்திருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டே அந்த மனிதரைப் பற்றிச் சொன்னார். பெயர் ஒட்டோ ப்ரெண்டிகே. படைப்பிரிவு மருத்துவமனை ஒன்றில் மருந்து கலக்கியவர். முதலில் மாக்டபுர்க்கிலும் பிறகு போஸனிலும் வேலை. பட்டியலில் அதற்கு மேல் இல்லை.

"ரொய்ஸ் சிலுவை எதுக்காகக் கொடுத்தாங்க?"

"உது தெரியாது." சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உண்மையாத் தெரியாது அண்ணை."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதித்து. இரண்டே காலுக்கு இருவரும் சேர்ந்து இறங்கினோம். பேருந்து நிறுத்தத்தில் அவர் கிழக்கே போனார், நான் தெற்கே.

அடுத்த இரண்டு வாரத்தில் அவருக்கு வேலை நேரம் மாறியது. மறுபடி சந்திக்க முடியவில்லை. இரண்டு முறை போனில் பேசினோம். எழுத்தில் சரளமாக இருந்தவர் போனில் "ஓம், ஓம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நானும் அப்படித்தான்.

டிசம்பரில் தாம்பரம் திரும்பினேன். இங்கே தனியாக இருக்கிறேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காலை ஆறு மணியிலிருந்து பால்காரர், பூக்காரம்மா, மாடி வீட்டுச் சண்டை, ரயில் அறிவிப்பு. டொராண்டோவில் சத்தமே இல்லாததால் தனிமை காதில் விழுந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பதக்கங்களின் பக்கத்தில் ஒட்டோ ப்ரெண்டிகேயின் பெயரை அட்டையில் எழுதி வைத்தேன். பிறகு வெளிநாட்டுக்கான ஏரோகிராம் தாள் ஒன்று வாங்கி வந்து உட்கார்ந்தேன். பதக்கம் பற்றி அவரிடம் கேட்பதற்கு இனிக் கேள்வி எதுவும் இல்லை. அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினேன்:

"அன்புள்ள சிவபாலன், இங்கே மூன்று நாளாக மழை. நீங்கள் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"