இனிகோவின் பத்து நிமிடம்

பெட்ரோல் குழாயில் பிரஷர் கேஜை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு அணைத்ததும் இனிகோ தன் வாயையும் அணைத்துவிடுவார். முள் நிற்கிறதா, இறங்குகிறதா என்று பத்து நிமிடம் பார்ப்பார். நாகல் நகரில் அவருடைய பட்டறைக்கு அக்கம்பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாளில் கிடைக்கும் அமைதி அவ்வளவுதான்.

மற்ற நேரமெல்லாம் ஓயாத பேச்சு. ஏர் ஃபில்டருக்குள் எலி குட்டி போட்டதைப் பார்த்திருக்கிறார். டீசல் வண்டியில் பெட்ரோலை ஊற்றிவிட்டு, "ரெண்டும் எண்ணெய்தானப்பு" என்று நியாயம் பேசியவரையும் பார்த்திருக்கிறார். எதற்கும் அசந்ததில்லை. வண்டிக்காரர் சொல்வதை நம்ப மாட்டார். தன் காதையும் நம்ப மாட்டார். கேஜ் சொன்னால்தான் உண்டு. அடுத்தவர் பார்த்த வேலை கண்ணில் பட்டால் மட்டும் கேஜ் தேவையில்லை. தீர்ப்பு தயாராக இருக்கும்: "எந்த மகராசன் கை வச்சது?"

வெள்ளிக்கிழமை கீர்த்தனா டீச்சர் பதினெட்டு வருடத்துப் பழைய காரில் வந்தார். குஜிலியம்பாறைப் பக்கம் வேதியியல் நடத்துகிறவர். காலையில் நாலைந்து தடவை சாவியைத் திருகினால்தான் வண்டி கிளம்புகிறதாம். பின்சீட்டில் மூன்று வயது மகள் தமிழ்நிலா தூங்கிக்கொண்டிருந்தாள்.

முள் இரண்டே நிமிடத்தில் பாதிக்கு இறங்கியது. டேங்கிலிருந்து வரும் குழாயை நெரித்துப் பிடித்ததும் நின்றது.

"டேங்க் பக்கந்தான் எங்கியோ கசியுது. பெட்ரோல் வாடை அடிக்குதா டீச்சர்?"

"ரெண்டு மாசமா அடிக்குதுண்ணே. பாப்பாவுக்கு ஆகாதேன்னு வெள்ளிக்கிழமை தவறாம கப் சாம்பிராணி வச்சிர்றேன். கண்ணாடிய ஏத்திவிட்டா செத்த நேரத்துல வாடையே தெரியல."

இனிகோ கேஜை விட்டு நிமிர்ந்தார். "எங்க வைக்கிறீங்க?"

"பின்சீட்டுக்குக் கீழ. தட்டு வச்சுத்தாண்ணே. மேட் கருகிரும்ல."

டீச்சர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ள, இனிகோ சீட்டைத் தூக்கினார். அடியில் டேங்குக்குள் இறங்கும் பம்பின் தலையில் குழாய் சொருகிய இடம் ஈரமாக மின்னியது. கிளிப் இருந்தது, முறுக்காமல் விட்டதால் வளையல் மாதிரி சும்மா சுற்றியது. அதற்கு இரண்டு சாண் தள்ளி, கங்கோடு தட்டு இருந்த இடத்தில், மேட் மீது சாம்பல் சிந்திய வட்டம்.

"எந்த மகராசன்…" வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"நீங்கதாண்ணே. தைப்பூசத்தப்ப பம்பு மாத்துனீங்களே." டீச்சரின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தப்பாகச் சொன்ன பதிலைத் திருத்தும் குரல் அது.

இனிகோ பேட்டரி ஒயரைக் கழற்றினார். பக்கத்துக் கடை பொம்மையன் எட்டிப் பார்த்து, "என்னப்பு, பத்து நிமிசம் முடிஞ்சும் சத்தத்தக் காணோம்?" என்றார்.

டீச்சரின் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார், கேட்டு வாங்கவில்லை. ரோட்டைக் கடந்து, எதிர்வரிசைக் கடைகளையும் தாண்டி, வண்டி கண்ணுக்கு மறைகிற முனையில் போய் நின்றார். பின்னாலேயே ஓடி வந்த டீச்சர், "பாப்பா கனப்பாண்ணே, குடுங்க" என்று கை நீட்டினார். தமிழ்நிலாவின் மஞ்சள் கவுனில் இனிகோவின் ஐந்து விரலும் கிரீஸாகப் பதிந்திருந்தன. அவர் கொடுக்கவில்லை.