கோணல் இறக்கை

வீட்டுக்குப் பின்னாலிருந்த அறையில் எப்போதும் நாலைந்து இறக்கைகள் கயிற்றில் தொங்கும். ரிமோட் வைத்துப் பறக்கவிடும், மோட்டார் இல்லாத கிளைடர் என்கிற குட்டி விமானங்களின் இறக்கைகள். மரத்தில் மோதியவை, பாறையில் விழுந்தவை, கார் சீட்டில் வைத்துவிட்டு மறந்துபோய் மேலேயே உட்கார்ந்ததில் நசுங்கியவை. எல்லாம் இவரிடம்தான் வரும். அதனால் இவர் பெயரே இறக்கை வைத்தியர் என்றாகிவிட்டது. பூசி மெழுகும் வேலை இவரிடம் நடக்காது. ஒடிந்த சட்டத்துக்குப் புதிதாகச் செதுக்கி ஒட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, சூடான இஸ்திரியால் விறைக்க வைப்பார். "கோணல் இறக்கை என் வாசலைத் தாண்டாது" என்று மார்தட்டுவார். மனிதருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷத்திலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அப்போது ஒரு நாள் இவருடைய அண்ணன் குன்றின்மேல் நின்று கிளைடர் விட்டுக்கொண்டிருந்தார். இவர் கீழே காரிலிருந்து சாமான் எடுத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். அது அவ்வளவு நேராக, அவ்வளவு அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னைக்கு அண்ணனுக்குக் கை வந்துடுச்சு என்று சந்தோஷப்பட்டார். மேலே ஏறிப் போனால் அண்ணன் புல்லில் கிடந்தார். மாரடைப்பு. கிளைடர் அதன் பிறகுதான் தூரத்துப் பாறையில் மோதியது. ஓட்ட ஆளில்லாமல் அது எப்படி நேராகப் பறந்தது? செத்தவர் ஓட்டியதையா ரசித்துக்கொண்டு நின்றோம்? அந்தக் கேள்வி பேயாகப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவர் குன்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஒரு நாள் அண்ணி அந்தக் கிளைடரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"கடைசியா அவர் விட்டத நான் பார்க்கல தம்பி. நேரா போச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஒரு தடவை அப்படிப் பார்த்துட்டா எனக்கு மனசு ஆறும்."

"சரி பண்ணித் தரேன். ரிமோட் எங்க அண்ணி?"

"அது என்கிட்டயே இருக்கட்டும். அவர் கை பட்டது. குன்றுக்கு வரப்போ கொண்டுவரேன்."

இடது இறக்கையைப் பிரித்தபோது, பல வருஷங்களுக்கு முன் தானே போட்ட பழைய ஒட்டுக்குப் பக்கத்தில் நுனி லேசாக முறுக்கியிருந்தது. பாறையில் மோதினால் முறுக்காமல் என்ன செய்யும்? இஸ்திரி வைத்து நிமிர்த்திவிட்டார்.

பறக்கவிடுமுன் வால் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது நேற்று கற்றுக்கொண்டவனுக்கும் தெரியும். அண்ணியோடு குன்றுக்குப் போன அன்று இவர் பார்க்கவில்லை. அண்ணன் பிடித்த ரிமோட்டைக் குனிந்து பார்க்கவே பயமாக இருந்தது. வீசி எறிந்தார். கிளைடர் வலப்பக்கமாகவே சாய்ந்தது. திருப்பினால் வந்தது, விட்டால் மறுபடி சாய்ந்தது. யாரோ பிடித்து இழுப்பது போலிருந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான் போச்சா தம்பி?"

"இல்ல அண்ணி."

வேறு வழியில்லாமல் குனிந்து பார்த்தார். ட்ரிம் என்கிற சின்னக் குமிழ், ஒரு பக்கம் இழுக்கும் விமானத்தைச் சரிக்கட்டுவதற்கானது, வலப்பக்கம் தள்ளி நின்றது. அதைச் சுற்றித் தூசி படிந்து இறுகியிருந்தது; பல வருஷமாக அது அங்கேயே நின்றிருக்கிறது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த முறுக்கு பாறை செய்ததல்ல, பழைய ஒட்டுப் போட்டபோது தன் கை செய்தது. அன்று இறக்கையை வாங்கிக்கொண்டு "கச்சிதம்டா" என்று சொல்லிவிட்டுப் போன அண்ணன், இந்தக் குமிழைக் கட்டைவிரலால் தள்ளி அதைச் சரிக்கட்டி வைத்தே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார். தம்பியிடம் மூச்சு விடவில்லை. அதனால்தான் கையை எடுத்த பிறகும் அது நேராகப் போயிருக்கிறது.

குமிழை நடுவுக்குத் தள்ளினால் போதும், வேலை முடிந்தது. விரல் அதன்மேல் போய் நின்றது. தள்ள மனம் வரவில்லை. கிளைடரைக் கஷ்டப்பட்டு இறக்கினார்.

"நாளைக்கு வரலாம் அண்ணி. இறக்கைல தப்பு பண்ணிட்டேன்."

அன்று சாயங்காலம், தான் நிமிர்த்தி வைத்த இடது இறக்கையை இஸ்திரிக்கு முன்னால் பிடித்து, நுனியைப் பழையபடி முறுக்கி, தாள் ஆறும்வரை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆயுளில் முதல் தடவையாகத் தெரிந்தே செய்த கோணல்.

மறுநாள் கிளைடரை வீசிவிட்டு, ரிமோட்டை மெதுவாகப் புல்லில் வைத்தார். அது நேராகப் போனது.

அண்ணி வானத்தையும் அவருடைய வெறுங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு தம்பி ஓட்டறாங்க?"

"அண்ணன்தான் அண்ணி" என்றவர், அப்படியே புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.