பின்னால் போன ஜீப்

என் அப்பாவுக்கு மூளை அதிகம் என்று கோவில்பதாகையில் எங்கள் தெருவே சொல்லும். அம்பத்தூரில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு, எங்களுக்கு மிஞ்சியிருந்தது அந்த மூளையும் ஒரு பழைய குட்டி ஜீப்பும்தான்.

பூந்தமல்லிக்கு அப்பால், சேற்றிலும் மேட்டிலும் ஜீப் ஓட்டி விளையாடுகிறவர்களுக்காக ஒரு முகப்பேர்க்காரர் மைதானம் வைத்திருந்தார். அப்பாவின் ஜீப் எங்கள் ஏரிக்கரையில் ஏறிக் காட்டினால், தன் ஜீப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஏறாவிட்டால் குவைத். அம்மாவின் அண்ணன் அங்கே அப்பாவுக்கு ஒரு டிரைவர் வேலை பார்த்து வைத்திருந்தார். குவைத்திலிருந்து லீவில் வந்த எதிர்வீட்டுக்காரரை அவர் மகனே 'அங்கிள்' என்று கூப்பிட்டதைப் பார்த்ததிலிருந்து, அப்பாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது.

மேடு ஏற இழுவை போதாதென்று, பெரிய வண்டி ஒன்றின் டிஃபரன்ஷியலைக் காயலான் கடையில் தேடிப் பிடித்தார். இன்ஜின் சுற்றுவதைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் உருண்டைப் பெட்டி அது. அதைத் தலைகீழாக மாட்டினால் இன்ஜினிலிருந்து அதற்கு வரும் ஷாஃப்ட் உயர்ந்துவிடும், கல்லில் இடிக்காது என்று கண்டுபிடித்தார். தெரு மெச்சியது. ஜாக்கியில் தூக்கிப் பார்த்தோம். சக்கரம் ஜோராகச் சுற்றியது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

முகப்பேர்க்காரர் ஏரிக்கரையில் வந்து நின்றதும் அப்பா முதல் கியர் போட்டார். ஜீப் கம்பீரமாகப் பின்னால் போனது. இரண்டாவது போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. பதற்றத்தில் முன்சக்கரங்களையும் சேர்த்து இயக்கினார். அவை முன்னே இழுக்க, இவை பின்னே இழுக்க, முன்பக்கம் ஏதோ முறிந்தது.

வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு முகப்பேர்க்காரர் போய்விட்டார். அம்மா கிட்டே வந்தாள்.

"அப்ப அண்ணன்கைல சொல்லிடவா?"

"சொல்லிடு."

அப்பா அதைச் சொன்ன குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு எனக்கோ பரம சந்தோஷம். என் வகுப்பில் வேறு எவள் அப்பாவிடமும் பின்னாலேயே போகும் ஜீப் கிடையாது. ஒரு ரவுண்டு கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். அப்பா முன்சக்கர இணைப்பை விடுவித்துவிட்டு முதல் கியர் போட்டார். வலப்பக்கம் வெளியே எட்டி, பின்னால் பார்த்தபடியே ஏரியோரம் முழுக்க ஓட்டினார். நான் கைதட்டிச் சிரித்தேன். எத்தனை கூப்பிட்டும் அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. பின்னால் போகிற வண்டியை அப்படித்தான் ஓட்டவேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன்.