தையல்நாயகியின் ஆள்காட்டி விரல்

தையல்நாயகியை முதன்முதலில் பார்த்தபோது அவளை நான் கள்ள ஓட்டுக்காரி என்று நினைத்தேன். நினைத்ததோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. நாலு பேர் நடுவில் சத்தம் போட்டும் சொன்னேன். நாக்கில் சனி என்பார்களே, அன்றைக்கு எனக்கு அதுதான்.

அவள் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய தெருவில். புருஷன் கண்ணாயிரம். இருவரும் அளத்தில் உப்பு வாருகிறவர்கள். உப்புத் தண்ணீர் சும்மா விடாது, கை காலைத் தின்றுவிடும். அதனால் அளத்தில் இறங்குகிறவர்கள் விடியும்போதே முழங்கை வரைக்கும் முழங்கால் வரைக்கும் விளக்கெண்ணெய் பூசிக்கொள்வார்கள். நாம் பல் விளக்குவது போல அவர்களுக்கு அது.

அப்போதெல்லாம் அவர்களுடைய ஓட்டு டவுன் தொகுதியில் இருந்தது. மூன்றே தேர்தல் பார்த்த தொகுதி. இன்றைக்குப் பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு, வக்கீல் வீடுகள் என்று எல்லாம் நகரம். உப்பளத்துத் தெரு இரண்டும் வால் மாதிரி அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. வேட்பாளர்கள் வாலுக்கு வந்தது குறைவு. ஆனால் ஓட்டுச்சாவடி அளத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. அங்கே உட்காரும் வாத்தியாருக்கு இந்த ஜனங்களைத் தெரியும். மடியில் ஒரு பழந்துணி வைத்திருப்பார். எண்ணெய் விரலைத் துடைத்துவிட்டு மை வைப்பார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

பிறகு தொகுதிகளைத் திருத்தி அமைத்தார்கள். டவுன் தொகுதியைக் கலைத்து நகரத்தை ஒரு பக்கம் சேர்த்தார்கள். வாலை அறுத்து எங்கள் பக்கம் போட்டார்கள். எங்கள் ஊர் பிரம்மதேசத்துக்குப் பக்கம். நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற நாங்கள் உப்பளத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கோடு போட்டவர்களுக்கு அதெல்லாம் எதற்கு?

எழுபத்தேழு ஜூனில் சட்டசபைத் தேர்தல். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாவடி. ஒரு வேட்பாளருக்கு ஏஜெண்டாக நான் உட்கார்ந்திருந்தேன். உப்பளத்துக்காரர்களின் பெயர் நகரத்துப் பட்டியலிலும் நீக்கப்படாமல் கிடப்பதாக முந்தின நாளே எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ‘ரெண்டு இடத்துலயும் குத்திடுவாங்க, கண்ணுல எண்ணெய ஊத்திக்கிட்டுப் பாரு சிவஞானம்’ என்று தாக்கீது.

நண்பகலுக்கு மேல் ஏழெட்டுப் பெண்கள் வேர்க்க விறுவிறுக்க வந்தார்கள். காலையில் அளத்தில் இறங்கி, பாதி வேலையில் கிளம்பி, ஒன்றரை மணி நேரம் நடந்து வந்திருக்கிறார்கள். முதலில் நின்றவள் தையல்நாயகி. மை வைக்க விரலை நீட்டினாள். விரல் பளபளவென்று எண்ணெயில் மின்னியது.

நான் எழுந்தேன். “சார், கையப் பாருங்க. டவுன்ல குத்திட்டு, மையை எண்ணெய் போட்டு அழிச்சிட்டு வந்திருக்குது!”

அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்ததும், அவள் கால்கள் நடுங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். குற்றம் செய்தவள்தான் இப்படி நடுங்குவாள் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. எமர்ஜென்சியில் கண்ணாயிரத்தை டீக்கடை வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினோரு நாள் கழித்து அனுப்பினார்கள். என்ன குற்றம் என்று கடைசிவரை சொல்லவில்லை. அதிலிருந்து அவனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. ஓட்டுப் போடாவிட்டால் ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிடுவார்கள் என்று யாரோ புரளி கிளப்பியிருந்தார்கள். அந்தப் பயத்தில்தான் அவள் வந்ததே.

பின்னால் நின்ற அம்சவள்ளி என்பவள்தான் வாயைத் திறந்தாள். “இன்னாங்க இது அநியாயம்? எங்க கையையும் பாருங்க. அளத்துல எறங்குற கைங்க இது!” அத்தனை பேரும் கையை நீட்டினார்கள். அத்தனை கையிலும் எண்ணெய், எண்ணெய்க்கு அடியில் வெடிப்பு வெடிப்பாகப் புண். சாவடி அதிகாரி துணியால் தையல்நாயகியின் விரலை அழுத்தித் துடைத்துப் பார்த்தார். மைத்தடம் இல்லை. நகத்திலும் தோலிலும் பட்டையாக மை வைத்து, ஓட்டுச்சீட்டைக் கொடுத்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். வெளியே போகும்போது போலீஸ்காரர் விளையாட்டாகவோ வினையாகவோ அவளிடம் சொன்னார்: “இந்த மை அழிஞ்சிது, ரெண்டு ஓட்டு கேஸ்தான். நானே வந்து பாப்பேன்.”

நான் சிரித்தேன். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

நாற்பது நாள் கழித்துத் தென்னங்கன்றுக் குழிக்கு உப்பு வாங்க வண்டி கட்டிக்கொண்டு அளத்துக்குப் போனேன். வரப்பில் ஒரு பெண் இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாருபலகையைக் கீழே போட்டாள். தையல்நாயகி.

“ஏன் வந்தாரு இவரு?” என்று பக்கத்தில் நின்ற கண்ணாயிரத்திடம் கேட்டாள்.

கண்ணாயிரம்தான் சொன்னான். “உப்புத்தண்ணி பட்டா நாலு நாள்ல மை பூடுங்க. அத வுடக்கூடாதுன்னு அன்னிக்கே வெரல்ல துணியச் சுத்திட்டா. அவுக்கவே இல்ல. உள்ள தண்ணி எறங்கி சீழ் வச்சிடுச்சி. சொன்னா கேக்கமாட்றா.”

“அந்தப் போலீஸ்காரருக்கு மறுவாரமே மாற்றலாயிடுச்சும்மா. யாரும் வரமாட்டாங்க” என்றேன்.

“ஆளு மாறினா இன்னாங்க? எழுதி வச்சிட்டுப் போயிருப்பாரு இல்ல?”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு காகிதப் பொட்டலம். அதில் ஒரு நகம் இருந்தது. நடுவில் மைப் பட்டை கறுப்பாக, கொஞ்சமும் அழியாமல் இருந்தது.

“போன வாரம் துணியோட சேந்து வுழுந்துடுச்சிங்க. தூக்கிப் போடல” என்றாள். பிறகு, அன்றைக்குச் சாவடியில் வராத பேச்சு முழுவதும் இப்போது வந்தது போல என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “நீங்கதான் அன்னிக்குக் கிட்டவே இருந்து பாத்தீங்க. யாராவது வந்தா, இது என் வெரல்ல இருந்ததுதான்னு ஒரு வார்த்த சொல்லுவீங்களா?”

சொல்கிறேன் என்றேன். அவள் நகத்தை மறுபடியும் காகிதத்தில் மடித்து முடிந்துகொண்டாள்.