தீர்த்தம் பட்ட எக்ஸ்ரே

நான் ஒன்றாம் வகுப்பில் படித்தபோது என் வயிற்றுக்குள் ஒரு கட்டி இருந்தது. குளிப்பாட்டும்போது அம்மாவின் கையில் தட்டுப்பட்டது. வலியே இல்லாத ஒன்றுக்காகப் பெரியவர்கள் ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அடையாறில் ஒருவர் வயிற்றில் ஜில்லென்று பசையைத் தடவி, டிவியில் பார்த்தார். தி.நகரில் இன்னொருவர் என்னைப் படுக்கவைத்து ஒரு பெரிய வளையத்துக்குள் அனுப்பினார். கட்டி சிறுநீரகத்தில் என்றார்கள். இத்தனை போட்டோ எடுத்தும் ஒருவர்கூட என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை.

கடைசியாக நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டி நுரையீரலுக்குப் பரவாமல் இருந்தால் அடுத்த வாரமே ஆபரேஷன். பரவியிருந்தால் கதையே வேறு. அப்பா இதைச் சமையலறையில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. வயிற்றுக் கட்டிக்கு நெஞ்சில் என்ன வேலை என்று குழம்பிப் போனேன்.

அன்று மாலை அம்மா அந்த எக்ஸ்ரேயை மாதா படத்தின் முன் வைத்தாள். பெசன்ட் நகர் கோயிலில் வாங்கிய, மாதா உருவத்திலேயே இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் நீலக் கிரீடத்தைத் திருகித் திறந்து, தீர்த்தம் தெளித்தாள். எங்கள் வீட்டில் புது சைக்கிளுக்கும் பரீட்சைப் பேனாவுக்கும் இதே மரியாதைதான். ஈரம் காய்வதற்குள் காகித உறையில் செருகியும் விட்டாள்.

மறுநாள் மயிலாப்பூரில் டாக்டர் அதை உருவினார். உறையோடு ஒட்டியிருந்தது சரக்கென்று பிரிந்து வந்தது. விளக்குப் பெட்டியில் மாட்டியதும், கறுத்த நுரையீரலில் வெள்ளையாக ஒரு புள்ளி. அப்பா என் தோளைப் பிடித்த பிடி வலித்தது.

"ரிப்போர்ட்ல லங்ஸ் க்ளியர்னுல்ல போட்டிருக்காங்க?" என்று டாக்டர் முணுமுணுத்தார்.

எனக்குத்தான் விடை தெரியுமே! "அது தீர்த்தம் அங்கிள். நேத்து அம்மா தெளிச்சாங்க" என்றேன் பெருமையாக.

டாக்டர் எக்ஸ்ரேயைக் கழற்றிச் சாய்த்துப் பார்த்தார், விரலால் தடவினார். "தண்ணி பட்டு மேல்பூச்சு உரிஞ்சிருக்கு போலம்மா. எதுக்கும் இன்னொண்ணு எடுத்துடலாம்."

அம்மா தலை நிமிரவே இல்லை. புது எக்ஸ்ரே வரும்வரை கையில் ஜெபமாலை இருந்தது, உதடுதான் அசையவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

புதியதில் புள்ளி இல்லை. "ஒண்ணுமே இல்லம்மா, சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்பா சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

நானும் அழுதேன். தீர்த்தம் நேராக என் நெஞ்சுக்குள் இறங்கி, அந்தப் புள்ளியில் மாதா வந்து உட்கார்ந்திருப்பதாக அல்லவா நினைத்திருந்தேன்! வந்த மாதா அதற்குள் என்னை விட்டுப் போய்விட்டார். அதற்குப் போய் இவர்கள் ஏன் இப்படிச் சந்தோஷப்படுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா ஐஸ்கிரீம் வேறு வாங்கித் தந்தார்.